கோபுவின் கால் மணி நேரம்

காலை ஏழரை மணிக்கு வாஞ்சிநாதன் கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், எழுந்திருக்க எட்டரை ஆகிவிடும். எதிரில் கோபு. பத்து மாதக் குட்டி, வெள்ளை வெளேரென்று ஸ்பிட்ஸ் ஜாதி. நடுவில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். அவர் ஒரு கவளத்தை உருட்டி நீட்டுவார். கோபு முகத்தைத் திருப்பிக்கொண்டு பால்கனியைப் பார்க்கும். அவர் அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து மறுபடி நீட்டினால், அது டீவியைப் பார்க்கும்.

"ஒரே ஒரு வாய்டா கோபு. இதோ பார், கிடர்பூருக்குக் கப்பல் வரது. லாக் கேட் திறக்கறது. ஆ... உள்ளே போயிடுத்து பார்!"

மனைவி ஜலஜா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவருடைய காபியை அதற்குள் இரண்டு தடவை சுட வைத்திருப்பாள். கல்கத்தாவில் கிடர்பூர்த் துறைமுகத்தில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவர், போன மார்கழியில்தான் ஓய்வு பெற்றார். அத்தனை வருஷமும் காலை ஆறே முக்காலுக்கு டிபன் டப்பாவோடு கிளம்பியவர். உள்ளே இருப்பது உப்புமாவா பொங்கலா என்று ஒருநாள் கேட்டதில்லை. அந்த மனுஷன் இப்போது ஒரு நாய்க்கு ஊட்டுவதற்காகக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

கோபு அவர்கள் மகள் ஹம்சினி வாங்கியது. வாங்கி ஒரு மாதத்தில் அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. "ரெண்டே மாசம்மா, வீடு பாத்துட்டு வந்து அழைச்சுண்டு போறேன்" என்று விட்டுப் போனாள். அது ஏழு மாதத்துக்கு முன்னால்.

வந்த புதிதில் கடையில் விற்கும் உலர்ந்த தீனியைக் கோபு ஒழுங்காகத்தான் தின்றுகொண்டிருந்தது. ஒருநாள் பாதியில் விட்டுவிட்டது. வாஞ்சிநாதன் பதறிப்போய் அதில் தயிர் விட்டுப் பிசைந்து கொடுத்தார். அதை இரண்டு நாள் தின்றது. மூன்றாம் நாள் மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. நெய் தடவின இட்லி வந்தது. பிறகு பன்னீர். பிறகு, அந்த வீட்டின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக, வேக வைத்த முட்டை. அதற்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, பால்கனியில் ஒரு மின் அடுப்பு. ஒவ்வொன்றும் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் கோபு அவர் முகத்தைப் பார்க்கும், அடுத்தது என்ன என்பதுபோல.

எதிர் பிளாட் வங்காளி அம்மாள் எல்லோருக்கும் மாஷிமா, அதாவது சித்தி. அவள் கோபுவைக் கோபால் என்றுதான் கூப்பிடுவாள். "கோபாலைக் கொஞ்சித்தான் ஊட்ட வேணும்" என்று அவருக்குப் பரிந்து பேசுவாள். ஒருநாள் ரோகு மீன் துண்டு ஒன்றை வேக வைத்துக் கிண்ணத்தில் மூடி எடுத்து வந்தாள். வாஞ்சிநாதன் வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்ததை ஜலஜா கவனித்தாள்.

"ஏன்னா, முட்டையோட நிறுத்திக்கோங்கோ" என்றாள். மாஷிமா சிரித்துக்கொண்டே மீனைத் திருப்பி எடுத்துப் போனாள்.

மிருக வைத்தியரிடமும் போய் வந்தாயிற்று. சின்னப் பெண். கோபுவின் பல், வயிறு, ரத்தம் எல்லாம் பார்த்தாள். "நாய்க்கு ஒரு குறையும் இல்லை. அது உங்களைப் பழக்கி வைத்திருக்கிறது" என்று வங்காளியில் சொன்னாள். தட்டை வைக்க வேண்டும், கால் மணி நேரம் விட வேண்டும், தின்னாவிட்டால் பேசாமல் எடுத்துவிட வேண்டும், அடுத்த வேளைதான் மறுபடி. சோர்ந்து படுத்தால் மட்டும் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

வாஞ்சிநாதனுக்கு அது பிடிக்கவில்லை. ஆட்டோவில் ஏறியதும், "பட்டினி போடுன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டர் வேணுமா?" என்றார். அன்று சாயங்காலம் கோபுவுக்குச் சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்தார்.

ஆவணியில் தஞ்சாவூரில் ஜலஜாவின் தங்கை பையனுக்குக் கல்யாணம். போக வர எட்டு நாள் ஆகும். வாஞ்சிநாதன் முதலிலேயே கையை விரித்துவிட்டார்.

"நீ போயிட்டு வா ஜலஜா. இவனை யார் பாத்துப்பா?"

ஜலஜா மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கட்டிலில் போட்டாள். "என் தம்பி கல்யாணத்துக்குத் தனியாப் போனேன். அப்பா சதாபிஷேகத்துக்குத் தனியாப் போனேன். கப்பல் நிக்கறதுன்னு சொன்னேள், சரின்னு போனேன். இப்ப நாய் சாப்பிடாதுன்னு நான் தனியாப் போகணுமா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் வாஞ்சிநாதன் கட்டிலில் கிடந்த புடவையை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, "ரெண்டு டிக்கெட்டாவே எடுத்துடறேன்" என்றார்.

லேக் மார்க்கெட் பக்கம் மதுவந்தி என்று ஒரு பெண், தன் வீட்டின் கீழ்த்தளத்தில் நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறாள் என்று காய்கறிக் கடையில் சொன்னார்கள். தாத்தா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்த தமிழ்க் குடும்பம். தமிழ் பேசுவாள், பாதியில் வங்காளிக்குத் தாவிவிடுவாள்; சித்தப்பா என்பதற்குக் காகு என்பாள்.

வாஞ்சிநாதன் அவளிடம் மூன்று பக்கத் தாளை நீட்டினார். எந்த வேளைக்கு எது, எந்தக் கையால், எந்தப் பக்கம் உட்கார்ந்து, கப்பல் எப்போது வர வேண்டும் என்பது வரை எழுதியிருந்தார். மதுவந்தி முழுதும் படித்தாள். சிரிக்கவில்லை. அதற்காகவே ஜலஜாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"காகு, நான் ட்ரை பண்றேன். ஆனா எங்கிட்ட நாலு நாய் இருக்கு. எல்லாருக்கும் ஒரே டைம், ஒரே சாப்பாடு. இவனும் பாத்துக் கத்துப்பான்."

"சாப்பிடலைன்னா?"

"அடுத்த வேளை சாப்பிடுவான்."

ரயில் கரக்பூர் தாண்டுவதற்குள் வாஞ்சிநாதன் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். கோபு சாப்பிடவில்லை. தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தபோது கொஞ்சம் தண்ணீர் குடித்திருந்தது, தட்டை மோந்து பார்த்திருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு எல்லோரும் கிளம்பிக்கொண்டிருக்கையில் பாதித் தட்டு காலி என்று செய்தி வந்தது. கல்யாணத்தன்று காலை, மதுவந்தி ஒரு வீடியோ அனுப்பினாள்.

ஐந்து தட்டுகள் வரிசையாக. ஐந்து நாய்கள். நடுவில் கோபு, வாலைத் தூக்கிக்கொண்டு, கடையில் விற்கும் அதே உலர்ந்த தீனியை மொறுக்மொறுக்கென்று தின்றுகொண்டிருந்தது. முடித்துவிட்டுத் தட்டை நக்கியது. தட்டு நகர்ந்து சுவர் வரைக்கும் போயிற்று. கோபுவும் கூடவே போய் அங்கேயும் நக்கியது.

ஜலஜா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பாத்தேளா? பாத்தேளா உங்க பிள்ளையை?"

வாஞ்சிநாதன் வீடியோவை மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தார். "ம்" என்றார். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் கல்கத்தாவுக்குப் போன் செய்யவில்லை. பந்தியில் பால் பாயசத்தை இலையில் ஊற்றியபடியே விட்டுவிட்டார். முகூர்த்தம் முடிந்து கூட்டம் கலைந்தபோது, மண்டபத்துப் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற இடத்தருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஜலஜா போய் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லை."

"பின்னே என்ன?"

அவர் வேஷ்டி நுனியைக் கையில் சுருட்டினார். "நான் இல்லேன்னா அவன் சாப்பிட மாட்டான்னு நினைச்சேன். நான் இருக்கறதுதான் தொந்தரவா இருந்திருக்கு."

ஜலஜாவுக்குச் சிரிப்பு வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"ஹம்சினி சின்னவளா இருந்தப்ப ராத்திரி என்ன சாப்பிட்டான்னு எனக்குத் தெரியாது ஜலஜா. வீட்டுக்கு வந்தா தூங்கிண்டிருப்பா. இவன் ஒருத்தனுக்குத்தான் என் கையால ஊட்டினேன்."

அவளுக்கும் அந்த ராத்திரிகள் ஞாபகம் இருந்தன. கோபித்துக்கொண்டும் இருந்திருக்கிறாள். ஆனால் இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. எழுந்து போய் ஒரு டம்ளரில் பாயசம் வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்தார்.

ஊர் திரும்பிய அன்றே கோபுவை அழைத்து வரப் போனார்கள். கதவு திறந்ததும் அது பாய்ந்த பாய்ச்சலில் வாஞ்சிநாதனின் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. அவர் காலைச் சுற்றிச் சுற்றி ஓடியது, ஊளையிட்டது, சந்தோஷத்தில் தரையை நனைத்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னைத் தேடினானா?" என்று நிமிராமலே கேட்டார்.

"ரொம்ப" என்றாள் மதுவந்தி. "முதல் நாள் முழுக்க வாசல்லதான் உக்காந்திருந்தான் காகு. ஆட்டோ சத்தம் கேட்டா எழுந்துப்பான். சாப்பாடு வேற, நீங்க வேற. ரெண்டையும் மிக்ஸ் பண்ணிட்டீங்க, அவ்ளோதான். தட்டுல சாப்பிடட்டும். உங்க கையோட விளையாடட்டும்."

வாஞ்சிநாதன் தலையாட்டினார். மூன்று பக்கத் தாளை அவள் திருப்பிக் கொடுத்தபோது வாங்கி, மடித்து, அங்கேயே குப்பைக் கூடையில் போட்டார்.

மறுநாள் காலை கிண்ணத்தில் உலர்ந்த தீனியைப் போட்டு வைத்தார். கோபு மோந்து பார்த்தது. தன் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. அவருடைய வலது கை தானாகக் கிண்ணத்தை நோக்கிப் போவதை ஜலஜா கண்டாள்.

"எழுந்திருங்கோ. செருப்பைப் போடுங்கோ."

"எங்கே?"

"எங்கேயாவது. கால் மணி நேரத்துக்கு இந்த வீட்டுல நீங்க இருக்கக் கூடாது."

கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் கீழே இறங்கினார்கள். தெருமுனையில் ரயில்வே கேட் பக்கம் ஒரு டீக்கடை. ஜலஜா இருபத்தெட்டு வருஷமாக அந்த வழியே போய் வருகிறாள், ஒருநாளும் நின்று குடித்ததில்லை. மண் குவளையில் டீ வந்தது. வாஞ்சிநாதன் கடிகாரத்தைப் பார்த்தார், டீயை உறிஞ்சினார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அவளுக்கும் சர்க்கரை போட்டே சொல்லியிருந்தார்.

"நான் சர்க்கரை விட்டு நாலு வருஷமாச்சு" என்றாள் ஜலஜா.

"அப்படியா?" என்றார் அவர். உண்மையிலேயே திகைத்துப் போயிருந்தார்.

வீடு திரும்பியபோது கிண்ணம் அப்படியே இருந்தது. அவர் அதை எடுத்து வைத்தார். சாயங்காலமும் அதே கதை. கோபு சோர்ந்து படுக்கவில்லை. பந்தை உருட்டியது, மாஷிமாவின் வாசல் மிதியடியைக் கடித்து இழுத்து வந்தது. பசிக்கிற நாய்க்கு இவ்வளவு உற்சாகம் எங்கிருந்து வந்தது என்று ஜலஜா யோசித்தாள். ராத்திரி துணி நனைக்கப் போனபோது விடை தெரிந்தது. அவருடைய சட்டைப் பையில் நெய்க் கறை, ஒரு இட்லித் துணுக்கு.

"இது என்ன?"

வாஞ்சிநாதன் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். "பாதி இட்லிதான்."

"பாதின்னா நாளைக்கும் இதேதான் நடக்கும். மதுவந்திகிட்டயே கொண்டு விட்டுடலாமா?"

"வேண்டாம், வேண்டாம். இனிமே இல்லை. நிஜமா."

மறுநாள் காலை கிளம்பும்போது அவள் அவருடைய பைகளைத் தடவிப் பார்த்தாள். மாடிப்படியில் வந்துகொண்டிருந்த மாஷிமா அதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். டீக்கடையில் வாஞ்சிநாதன், "ஏக்டா சினி சாடா" என்று சர்க்கரை இல்லாமல் ஒன்று சொன்னார். கிடர்பூரில் ஒருமுறை சர்க்கரை மூட்டை ஏற்றின லாரி மழையில் மூன்று நாள் நின்ற கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஜலஜா கேட்டதே இல்லாத கதை. மழை, தார்ப்பாய், எறும்பு, கோபக்காரப் பஞ்சாபி டிரைவர் என்று அது நீண்டுகொண்டே போயிற்று. முடிந்தபோது இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

இரண்டு பேரும் அவசர அவசரமாக மாடி ஏறினார்கள். வாஞ்சிநாதன்தான் கதவைத் திறந்தார். கிண்ணம் சோபாவுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. கீழே ஒரு துணுக்கு மிச்சமில்லை. கோபு பால்கனி வெயிலில் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. வயிறு உருண்டையாக ஏறி இறங்கியது.

அவர் கிண்ணத்தை எடுத்து உள்ளேயும் வெளியேயும் திருப்பிப் பார்த்தார். "சாப்பிட்டிருக்கான்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார், எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

அதற்குப் பிறகு ஓரிரு வேளை கோபு முரண்டு பிடித்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டது. புரட்டாசி பிறந்தபோது ஐந்தே நிமிஷத்தில் தட்டு காலியாகிற நிலை. வீட்டிலேயே இருந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஏழரை மணி ஆனால் கிண்ணத்தை வைத்துவிட்டு வாஞ்சிநாதன் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹம்சினி போன் செய்தாள். "அப்பா எங்கேம்மா? கோபு இப்ப என்னதான் சாப்பிடறான்?"

"போட்டதைச் சாப்பிடறான்" என்றாள் ஜலஜா. "உங்கப்பா கீழே நிக்கறார். இன்னிக்கு டீக்கடை இல்லையாம், ஏரி வரைக்கும் நடக்கணுமாம். நான் அப்புறம் பேசறேன்."

போனை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தினாள். உள்ளே கோபு மொறுக்மொறுக்கென்று தின்கிற சத்தம் முதல் படி இறங்கும் வரைக்கும் கேட்டது.