இடது பக்கத்து டாட்

தையல் விஷயத்தில் ஜான்சிக்குப் பொய் சொல்ல வராது. பல்லாவரத்தில் பத்தொன்பது வருடமாக ஜாக்கெட் தைக்கிறவள். கொரோனா காலத்தில் கடை மூடிக் கிடந்தபோது அவள் தொடங்கிய 'ஊசிநூல் தோழிகள்' வாட்ஸப் குழுவில் இப்போது அறுநூறு பெண்கள் இருக்கிறார்கள். தைத்ததைப் படம் பிடித்துப் போடுவார்கள். ஜான்சி குறை சொல்வாள். அக்கா வாயால் நல்லாயிருக்கு என்று வந்துவிட்டால் தைரியமாகக் கடையே போடலாம் என்று குழுவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி படம் போட்டாள். பெயர் கோகிலவாணி, ஊர் கோவிலம்பாக்கம். மஞ்சள் ஜாக்கெட்டைத் தானே போட்டுக்கொண்டு, தலையோடு போர்த்திய முந்தானையை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்தபடி, கூச்சமாகச் சிரித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் புதுசு. எனக்கு நானே தைச்ச முதல் ஜாக்கெட். எப்படி இருக்குனு சொல்லுங்க."

யாரும் பதில் வணக்கம் சொல்லவில்லை. அக்கா முதலில் பேசட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அன்றைக்கு ஜான்சிக்குத் தலைக்கு மேல் வேலை. ஒரு கல்யாண வீட்டுக்குப் பதினோரு ஜாக்கெட் போக வேண்டும். கொக்கி வைத்துக்கொண்டிருந்தவள், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கழுத்து வளைவில் சுருக்கம். முன்பக்கத் துணியை மடித்துப் பிடித்து வடிவம் கொடுக்கும் டாட், வலது பக்கம் இருந்தது. இடது பக்கம் இல்லவே இல்லை.

"கழுத்து சுருங்குது. இடது பக்கம் டாட்டே காணோம், துணி காலியா தொங்குது. பாதி தைச்சுட்டு தூங்கிட்டீங்களா? இதையெல்லாம் இங்க போடறதுக்கு முன்னாடி பேப்பர்ல வெட்டிப் பழகுங்க" என்று எழுதி அனுப்பிவிட்டு மறுபடியும் ஊசியைக் கையில் எடுத்தாள்.

அரை மணி நேரத்துக்குள் சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின. ஜான்சியோடு சேர்ந்து குழுவைக் கவனித்துக்கொள்ளும் ஷீலா, அந்தப் படத்தைக் கத்தரித்து, மேலே 'பாதி ஜாக்கெட்' என்று எழுதி ஸ்டிக்கராக்கிப் போட்டாள். ஷீலா ஜான்சியின் சபைக்காரி, ஞாயிறு ஆராதனையில் பக்கத்தில் உட்காருகிறவள். ஸ்டிக்கரைப் பார்த்ததும் ஜான்சிக்குச் சிரிப்பு வந்தது. அவளும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாள்.

சாயங்காலம் கோகிலவாணி குழுவை விட்டுப் போயிருந்தாள். வாரத்துக்கு நாலு பேர் வருவதும் போவதும் வழக்கம் என்பதால் ஜான்சி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை அதே எண்ணிலிருந்து அவளுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது.

"ஆன்ட்டி, நான் கோகிலவாணியோட பொண்ணு தேவதர்ஷினி. எங்க அம்மா ஸ்டிக்கரை எடுத்துடுங்க ப்ளீஸ். எங்க தெரு க்ரூப் வரைக்கும் வந்துடுச்சு. அம்மா ரெண்டு நாளா தண்ணி பிடிக்கக்கூட வெளிய போகல."

ஜான்சி உடனே குழுவுக்குள் போய்ப் படத்தை அழித்தாள், தன் வரிகளை அழித்தாள், ஸ்டிக்கரையும் அழித்தாள். ஆனால் சேமித்து வைத்துக்கொண்டவர்களின் போனிலிருந்து எப்படி அழிப்பது? யார் யார் எடுத்து எங்கெங்கே அனுப்பினார்களோ! அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"அம்மாவ நேர்ல பாக்கணும்மா. விலாசம் குடுக்கறியா?"

"எதுக்கு ஆன்ட்டி? இன்னும் ஏதாவது சொல்லணுமா?"

"மன்னிப்பு கேக்கணும்மா" என்றாள் ஜான்சி. அந்தப் பெண் விலாசத்தைச் சொன்னாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பல்லாவரம் வாரச் சந்தைக் கூட்டத்தில் ஷேர் ஆட்டோ ஊர்ந்து ஊர்ந்துதான் போனது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்த கோகிலவாணி படத்தில் இருந்ததைவிட மெலிந்திருந்தாள். தலைமுடி இப்போதுதான் வளர ஆரம்பித்ததுபோல் குட்டையாக இருந்தது. படத்தில் தலையோடு முந்தானையைப் போர்த்தியிருந்தது ஜான்சிக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் ஜான்சி. பல்லாவரம்."

"தெரியுது. உள்ள வாங்க."

ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. "தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னாள்.

கோகிலவாணி சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நீங்க சொன்னது பொய்யில்லக்கா. அந்தப் பக்கம் டாட்டு வைக்கலதான். வச்சு இன்னா பண்றது? அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணுமே இல்ல. போன ஆடில ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க."

அவளே தொடர்ந்தாள்.

"டெய்லர் கடைக்குப் போனேன். அளவெடுக்க டேப்ப வச்சிட்டு அங்க இருந்த பொண்ணு கைய வெடுக்குனு எடுத்துட்டா. அதான், நாமளே கத்துக்கலாம்னு மிஷின் வாங்கினேன். நல்லா வந்த மாதிரி இருந்துச்சு. ஒருத்தர்கிட்டயாவது காட்டணும்னு ஆசை."

"ஏன் இப்படித் தைச்சிருக்கீங்கன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தாலும் அத்தினி பேர் முன்னாடி சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் கோகிலவாணி. "ஆனா, கேட்டாங்களேன்னு இருந்திருக்கும்."

பிறகு கோகிலவாணி எழுந்து பீரோவிலிருந்து மஞ்சள் ஜாக்கெட்டை எடுத்து வந்தாள்.

"கழுத்து சுருங்குதுன்னீங்களே, அது ஏன்?"

ஜான்சி ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினாள். "தையல் நேராத்தான் ஓடியிருக்கு. முதல் ஜாக்கெட்டுல இவ்வளவு நேரா எனக்கு வரல. வளைவுல மட்டும் ஓரத் துணிய சின்னச் சின்னதா நறுக்கி விடணும். இல்லன்னா திரும்பாம இழுக்கும். இடது பக்கத்துக்குத் தனியா அளவெடுத்து வெட்டுங்க. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பேப்பர வச்சு வெட்டினா துணி மீந்துபோகும்." கொஞ்சம் தயங்கினாள். "வேணும்னா உள்ள பை மாதிரி வச்சு பேட் போட்டுக்கலாம்."

"அதெல்லாம் வேணாங்க்கா. இன்னா கீதோ அது அப்படியே இருக்கட்டும்."

கத்தரிக்கோலை வாங்கி ஜான்சி கழுத்தில் நாலு இடத்தில் நறுக்கிக் காட்டினாள். மீதியைக் கோகிலவாணியே நறுக்கினாள். அப்போது காலேஜிலிருந்து தேவதர்ஷினி வந்து வாசலில் நின்றாள். ஜான்சியைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, அறையை மறித்த தடுப்புக்குப் பின்னால் போய்விட்டாள்.

கிளம்பும்போது கோகிலவாணி சொன்னாள்: "க்ரூப்புல மன்னிப்பு கேக்கறதுன்னா கேளுங்க. எனக்கு இன்னான்னு மட்டும் எழுதாதீங்க."

ஜான்சி எழுதவில்லை. 'புதிதாக வந்த ஒரு சகோதரியை நான் அவமானப்படுத்திவிட்டேன். அந்த ஸ்டிக்கரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்' என்று மட்டும் போட்டாள்.

உடனே ஷீலா கூப்பிட்டாள். "என்னக்கா இது? டாட் இல்லன்னு சொன்னது நீங்க. பாதி ஜாக்கெட்டுன்னு சொல்லாம சொன்னதும் நீங்க. நான் படம்தான் ஒட்டினேன். இப்ப நான் மட்டும் கெட்டவளா?"

"இல்ல ஷீலா. தப்பு என்னோடதுதான்."

"அப்ப இனிமே எவ எதப் போட்டாலும் சூப்பர்னு சொல்லணுமா?"

"குறை சொல்லலாம். வந்தவள முதல்ல வாங்கன்னு கூப்பிடணும். ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு கேக்கணும்."

"அப்படி அவ ஜாக்கெட்ல என்னதான் இருந்துச்சு?"

"அத என்னால சொல்ல முடியாது" என்றாள் ஜான்சி. ஷீலா போனை வைத்தாள். அன்றைக்கே குழுவிலிருந்து விலகினாள், அவள் பின்னால் நாற்பது பேர் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேறு வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பத்து நாள் கழித்து, ஒரு விடுமுறை நாள் பகல் பதினோரு மணிக்கு, ஜான்சி கோகிலவாணியின் எண்ணுக்குப் போன் செய்தாள். தேவதர்ஷினிதான் எடுத்தாள்.

"அம்மா தூங்கறாங்க ஆன்ட்டி."

"உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"பரவால்ல. தைக்கறாங்க." ஜான்சி மேலே கேட்பதற்குள் சொன்னாள்: "நீங்க கூப்பிடாதீங்க. அம்மாவுக்குத் தோணுச்சுன்னா அவங்களே கூப்பிடுவாங்க."

சரிம்மா என்று சொல்லி ஜான்சி போனை வைத்தாள். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை.