வழக்குப் பெயர்

பீப்பாயின் உயரம் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். இளவரசு டேப்பைச் சுருட்டிவிட்டு அட்டையில் பென்சிலால் குறித்தான். நீல பிளாஸ்டிக். அடியில் ஒரு விரிசல், தார் வைத்து அடைத்தது. மேல்விளிம்புக்குக் கீழே புடைத்த எழுத்துகளில் கல்மோரா என்றிருந்தது. பெயருக்கு மேல் கம்பெனி முத்திரையாக இரண்டு நீர்ச்சொட்டு. ‘தயாரிப்புப் பெயர்’ என்ற கட்டத்தில் அதை எழுதினான்.

சிதம்பரத்தில் ஓர் அறக்கட்டளை அருங்காட்சியகத்தில் அவன் ஒப்பந்தப் பதிவாளர். திங்கட்கிழமை நீர்ப் பாத்திரங்களின் காட்சி திறக்கிறார்கள். செப்புத் தவலை, மண் சால் எல்லாம் பதிவாகிவிட்டன. பீப்பாயை, ரசாயன ஆலைகளை ஒட்டிய ஊரான குடிகாட்டிலிருந்து மினி லாரியில் கொண்டுவந்தவள் அவன் மாமியார் இருசம்மாள். கல்மோரா கம்பெனியின் ரசாயனம் தீர்ந்ததும் விலைக்கு வந்த பீப்பாய். பதினெட்டு வருஷம் அந்த வீட்டின் குடிதண்ணீர் அதில்தான் இருந்தது. அவள் மகள், இளவரசுவின் மனைவி சுவேதா, சிறுநீரகம் கெட்டு இறந்து ஏழு மாதம் ஆகிறது.

காப்பாட்சியர் ஞானசேகரன் அட்டையை எட்டிப் பார்த்தார்.

“கம்பெனி பேரு எதுக்குப்பா? வராண்டாவுல தண்ணி மெஷின் வச்சுக் குடுத்தது யாரு? திங்கக்கெழம அவுங்கதான் ரிப்பன் வெட்டப் போறாங்க.”

“கட்டம் இருக்கு சார்.”

“இருந்தா? கோடு போட்டுட்டுப் போ.”

இளவரசு அழித்தான். கோடு போட்டான்.

அடுத்த கட்டம் ‘வழக்குப் பெயர்’. பொருளைக் கொடுத்தவரைக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுத வேண்டும். ஞானசேகரனே போட்ட விதி.

“அத்த, இதுக்கு ஊர்ல என்ன பேரு?”

“என்ன மாப்ள, தெரியாதமாரி கேக்குறீங்க? கல்மோரா.”

“எல்லாருமா?”

“கல்மோராவுல தண்ணி இருக்கா, கல்மோராவக் கழுவு, இப்படித்தான் பேச்சு. பக்கத்து ஊட்டுல வேற கம்பெனி ட்ரம்மு. அதுவும் கல்மோராதான். சுவேதா கட்டிவந்த புதுசுல ஒங்கூட்டு சிமெண்டுத் தொட்டியப் பாத்து, ஒங்க கல்மோரா பெருசுன்னாளாமே. நீங்க சிரிச்சிங்கன்னு வந்து சொன்னா.”

அவன் பென்சிலை வைத்தான். பதிவேட்டை இழுத்து மைப்பேனாவால் எழுதினான்: வழக்குப் பெயர் - கல்மோரா.

ஞானசேகரன் குனிந்து படித்தார்.

“அடி அத.”

“மையில எழுதுனத அடிச்சா, பக்கத்துல காரணம் எழுதி நீங்க கையெழுத்துப் போடணும் சார். இந்தாங்க பேனா.”

அவர் பேனாவைப் பார்த்தார். வாங்கவில்லை.

“பொண்டாட்டி செத்த ஆளாச்சேன்னு இத்தன நாள் பாத்தேன். நாளையிலேருந்து வராத.”

“செரி சார். நம்பர் மட்டும் எழுதிட்டுப் போறேன்.”

பீப்பாயின் அடியில் வெள்ளைப் பெயிண்டில் பதிவு எண்ணை எழுதினான். காயும்வரை பக்கத்திலேயே நின்றான்.

வராண்டாவில் இருசம்மாள் தண்ணீர் மெஷின் முன் நின்றிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதன் நெற்றியிலிருந்த இரண்டு சொட்டின்மேல் விரலை வைத்தாள்.

“மாப்ள, இங்கயும் நம்ம கல்மோரா.”

டம்ளரில் பிடித்து உள்ளே உற்றுப் பார்த்தாள்.

“நம்மூருத் தண்ணிமாரி இல்ல, அடி தெரியுது பாருங்க,” என்றாள்.

பிறகு பையிலிருந்து காலி பாட்டிலை எடுத்து, குழாயடியில் வைத்து, கழுத்துவரை நிரப்பினாள்.