மெசின் ஓடுது

மேசையிலிருந்த பல்ப் அணையாமல் எரிந்தது. ஸ்ரெல்லா பிளக்கைப் பிடுங்கினாள்.

பழுதான எந்தச் சாமானுக்கும் அவள் நேரே மின்சாரம் கொடுப்பதில்லை. நடுவில் ஒரு பல்ப்பைப் போட்டுத்தான் கொடுப்பாள். பல்ப் ஒருமுறை மின்னி அடங்கினால் பயமில்லை. விடாமல் எரிந்தால், ஒன்றையொன்று தொடக்கூடாத இரண்டு வழிகள் உள்ளே எங்கோ தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. புதுப் பியூஸ் போட்ட பிறகும் எரிகிறதென்றால், பியூஸ் போனது நோயல்ல, நோயின் அடையாளம் மட்டும்தான்.

"பிள்ளை," அறைக்குள்ளிருந்து அம்மா மதலேனா கூப்பிட்டாள். "அப்பா உன்னை வரட்டாம்."

"இந்தா வாறன் அம்மா."

அவள் போகவில்லை. மின்சுற்றுப் பலகையைத் திருப்பிப் போட்டு, மீற்றரின் இரண்டு ஊசிகளாலும் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டு வந்தாள்.

அது அவள் வழக்கமாகத் திருத்தும் கணினிகளின் பலகையல்ல. காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து, ரியூப் வழியாக மூக்குக்கு அனுப்பும் மெசினுடையது. கோயில் மூலமாகக் கிடைத்த மெசின் அது. சிலாவத்தைப் பக்கத்துக் கடற்கரை வீடுகளில், ஒரு வீட்டில் தேவை முடிந்தால் அடுத்த வீட்டுக்குப் போகும். தேவை முடிவது என்றால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அவளுடைய அப்பா ஞானப்பிரகாசத்திடம் அது மாரி தொடங்கமுதல் வந்தது. கடைசிச் சண்டையில் நெஞ்சுக்குள் போன செல்துண்டுகளில் ஒன்றை எடுக்க முடியாமல் விட்டிருந்தார்கள். அதோடு இத்தனை வருசம் கடலுக்குப் போய்வந்த மனிதருக்கு, இந்த வருசம் கட்டிலிலிருந்து கிணற்றடிக்குப் போகவே மூச்சுப் போதவில்லை.

அன்று விடியப்புறம் இடியோடு மழை பெய்திருந்தது. மின்சாரம் போய், வந்து, திரும்பவும் போய் வந்தது. மெசின் நீளமாக ஒருதரம் கத்திவிட்டு நின்றது. வீட்டில் அவசரத்துக்கு வைத்திருந்த சின்னச் சிலிண்டரில் ரியூபை மாட்டினார்கள். அதன் முள் முன்னரே பாதிக்குக் கீழே இருந்தது.

"அம்புலன்சுக்கு அடிப்பம்," என்றான் தம்பி நிறோஜன்.

அப்பா கையை அசைத்தார். "வேண்டாம். போன கிழமை ஆசுப்பத்திரியில அவையே வீட்டை கொண்டுபோங்கோ எண்டு விட்டவை. இனி அங்க போய் ஆற்ற முகத்தைப் பாத்துக்கொண்டு கிடக்கிறது?"

நிறோஜன் அக்காவைப் பார்த்தான். அக்கா மெசினைப் பார்த்தாள்.

"நான் திறந்து பாக்கிறன்," என்றாள். "நீ போய் எங்கயாவது ஒரு சிலிண்டர் எடுத்துக்கொண்டு வா."

அவன் மழைச்சட்டையும் போடாமல் மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

முன் அறைதான் ஸ்ரெல்லாவின் வேலைத்தலம். வவுனியாவில் படித்துவிட்டு வந்த காலம் தொட்டு, பள்ளிக்கூடங்களும் சங்கக் கடைகளும் கைவிட்ட கணினிகள் அங்கேதான் வந்து சேரும். முடிந்தவற்றைத் திருத்திக் கொடுப்பாள். முடியாதவற்றைப் பிரித்து, நல்ல சாமான்களைக் கழற்றி எடுத்து வைப்பாள். அப்பா நடமாடிய காலத்தில் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து வலை பொத்துவார். யாராவது வந்து, "முடிஞ்சுதா பிள்ளை? இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டால், உள்ளேயிருந்து அவள் பதில் சொல்லமுதல் அவர் சொல்லிவிடுவார்: "வேலை செய்யிற பிள்ளையைக் கூப்பிடாதேங்கோ. முடிஞ்சால் அவளே சொல்லுவாள்."

மீற்றர் கூவியது. ஒரு டயோட். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விட வேண்டிய அந்தச் சின்னக் கறுப்புச் சாமான் இரண்டு பக்கமும் விட்டுக்கொண்டிருந்தது. அவள் சோல்டர் அயனைச் சூடாக்கினாள். மூலையில் கிடந்த பழைய கணினி ஒன்றின் பவர் பெட்டியைக் கழற்றி, அதிலிருந்து ஒரு டயோட்டை எடுத்தாள். கால்கள் கொஞ்சம் தடிப்பு. வளைத்து, துளையைப் பெரிதாக்கி, உள்ளே இறக்கி ஈயம் வைத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா கதைத்துக்கொண்டிருந்தார். சிலிண்டரின் சீறலுக்கும் ஓட்டில் விழும் மழைக்கும் நடுவே சொற்கள் முழுதாக வரவில்லை. சூடைமீன் என்று ஒன்று கேட்டது. பிறகு யாரோ ஒருவரின் பெயர். பிறகு அம்மா சிரித்தாள். அம்மா சிரித்து எவ்வளவு காலம் என்று நினைத்தபடியே ஸ்ரெல்லா பிளக்கைச் செருகினாள்.

பல்ப் மின்னி அடங்கியது.

அவள் பல்ப்பை எடுத்துவிட்டு நேரே மின்சாரம் கொடுத்தாள். மெசின் முனகியது, பச்சை விளக்கு வந்தது, உடனே சிவப்பானது. திரும்பவும் கத்தத் தொடங்கியது.

மதலேனா வாசலில் வந்து நின்றாள். செபமாலையைக் கையில் சுற்றியிருந்தாள்.

"இப்ப நல்லாக் கதைக்கிறார் பிள்ளை. வந்து கொஞ்சநேரம் இரன்."

"அம்மா, சிலிண்டர்ல முள்ளைப் பாத்தனீங்களே? அது முடியமுதல் இதை ஓடப்பண்ண வேணும். நான் வந்து இருந்தால் இதை ஆர் செய்யிறது?"

மதலேனா மேசையைப் பார்த்தாள். திறந்து கிடந்த மெசினையும், வயர்களையும், மகளின் விரல்நுனியில் கறுத்திருந்த ஈயப்புகையையும் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். திரும்பிப் போனாள்.

இந்தத் தடவை ஸ்ரெல்லாவுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. டயோட் கருகியபோது அதன் பின்னால் இருந்ததையும் கெடுத்திருந்தது. பன்னிரண்டு வோல்ட் வரவேண்டிய இடத்தில் ஏழுகூட நிற்கவில்லை. வெள்ளைப் பசைக்குள் பாதி புதைந்திருந்த ஒரு கப்பாசிற்றரின் தலை மெல்ல உப்பியிருந்தது. முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். பசையைச் சுரண்டி, அதைப் பிடுங்கினாள். அடியில் கசிந்த திரவம் பலகையில் மண்ணிறமாகப் படிந்திருந்தது. அதே அளவில் ஒன்றைத் தேடிப் பழைய கணினிப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றிலிருந்தது சின்னது. ஒன்றிலிருந்தது அதுவே உப்பியது. மூன்றாவது பலகையில் சரியானது இருந்தது. அதைக் கழற்றி எடுத்தாள்.

அறைக்குள் கதை குறைந்திருந்தது. அவள் அதைக் கவனித்தாள். களைத்திருப்பார், நல்லதுதான், கதைத்தால் மூச்சு வீணாகும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஈயம் உருகி வெள்ளியாக ஓடி இறுகியது. பிளக்கைச் செருகினாள். மெசின் முனகி, ஒருமுறை குலுங்கி, பிறகு ஒரே சீராக இரையத் தொடங்கியது. பச்சை விளக்கு பச்சையாகவே நின்றது.

மூடியைக்கூடப் பூட்டாமல் அவள் மெசினை உருட்டிக்கொண்டு அறைக்குள் போனாள்.

"அப்பா, மெசின் ஓடுது."

அவர் கண்கள் பாதி மூடியிருந்தன. சிலிண்டரின் முள் அடியில் படுத்திருந்தது. அவள் ரியூபை மாற்றினாள். இரத்தத்தில் ஒட்சிசனைக் காட்ட அவர் விரலில் மாட்டியிருந்த சின்னக் கருவியில் எண் கொஞ்சம் ஏறியது. மதலேனா சிலுவை அடையாளம் போட்டாள். எண் நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது.

ஸ்ரெல்லா மெசினைப் பார்த்தாள். ஒட்சிசன் ஓடும் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குள் சின்னக் குண்டு நிற்க வேண்டிய கோட்டில் நின்றது. ரியூப் எங்காவது மடிந்திருக்கிறதா என்று கட்டில் அடிவரை தடவிப் பார்த்தாள். மடியவில்லை. மூக்கிலிருந்து எடுத்து அதன் முனையைத் தண்ணீர்த் தம்ளருக்குள் விட்டாள். குமிழ்கள் கொத்துக் கொத்தாக வந்தன. துடைத்துத் திரும்பவும் மாட்டினாள். விரல் கருவியைக் கழற்றித் தன் விரலில் போட்டுப் பார்த்தாள். அது சரியான எண்ணைக் காட்டியது. மற்றக் கையில், வேறு விரலில் அவருக்குப் போட்டாள்.

"கருவியும் சரி. மெசினும் சரி. எங்கயோ காத்துப் போகுது அம்மா. எங்கயெண்டுதான்..."

"ஸ்ரெல்லா."

"பொறுங்கோ, ரியூப் பூட்டின இடத்தை ஒருக்காப் பாக்கிறன்."

"விடு பிள்ளை." மதலேனா போர்வைக்குள் கையை விட்டு அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "முழங்கால் மட்டும் குளிர்ந்திட்டுது. இஞ்ச வந்து கையைப் பிடி."

அவள் பிடித்தாள். வலைக்கயிறு அறுத்துத் தழும்பேறிய கை. அவள் பிடித்ததை அந்தக் கை அறிந்ததாகத் தெரியவில்லை. மூச்சு வந்தது. நீண்ட நேரம் கழித்து இன்னொன்று வந்தது. மதலேனா அவர் காதருகே குனிந்து செபம் சொன்னாள். அடுத்த மூச்சுக்காக இருவரும் காத்திருந்தார்கள். மழை விட்டிருந்தது. மெசின் இரைந்துகொண்டிருந்தது.

யாரும் அதை நிறுத்தவில்லை. மதலேனா அவர் வாயைச் சேர்த்துப் பிடித்து, தலையைச் சுற்றித் துணி கட்டத் தொடங்கியிருந்தாள். அப்போது வெளியே மோட்டச்சைக்கிள் வந்து நின்றது. படலை அடிபட்டது. சிலிண்டரைத் தோளில் சுமந்தபடி, தலையிலிருந்து தண்ணீர் வடிய, நிறோஜன் முன் அறைக்குள் ஏறினான். இரைச்சலைக் கேட்டு நின்றான்.

"சரிவந்திட்டுதே! அக்கா, எனக்குத் தெரியும், நீ ஓடப்பண்ணிப்போடுவாயெண்டு!"

ஸ்ரெல்லா எழுந்து சுவிட்சை அணைத்தாள்.

மறுநாள் காலை கோயிலில் துக்கமணி அடித்தது. வீடு சனத்தால் நிறைந்தது. முன் அறைக் கணினிகளையெல்லாம் யாரோ சாக்கால் மூடிச் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுவில் பெட்டியை வைத்திருந்தார்கள். கோயில் சிஸ்டர் வந்து செபம் சொல்லி முடித்த பிறகும் போகாமல் நின்றார். ஸ்ரெல்லாவைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"இந்த நேரத்தில கேக்கக்கூடாது பிள்ளை. தண்ணீரூற்று ஊரில ஒரு அம்மா. ராத்திரி முழுக்க இருந்தபடி மூச்சு வாங்கிறாவாம். மெசின் பழுதெண்டு கேள்விப்பட்டன்..."

"இல்லை சிஸ்டர். ஓடுது."

அவள் அதை இழுத்து வந்து குசினிப் பிளக்கில் செருகிக் காட்டினாள். இரைச்சல் கேட்டு முன் அறையில் ஒப்பாரி ஒரு கணம் தடைப்பட்டது. நிறோஜன் எழுந்து வெளியே போய்விட்டான்.

"பழைய சாமான்தான் போட்டிருக்கிறன்," என்றாள் ஸ்ரெல்லா. "கனகாலம் நிக்குமெண்டு என்னால சொல்லேலாது."

சிஸ்டர் கீழே பார்த்தபடி சொன்னார்: "அவாவுக்கும் கனகாலம் தேவைப்படாது பிள்ளை."

மெசினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மதலேனா குசினிச் சுவரில் சாய்ந்து இருந்தாள். அழுது முடிந்த முகம். ஸ்ரெல்லா பக்கத்தில் போய் நிலத்தில் இருந்தாள்.

"நேற்று என்னம்மா கதைச்சவர்?"

"என்னத்தை. பழைய கதையள். வலை நிறையச் சூடை பட்ட வருசம். கலியாணம் முடிச்ச புதுசில நான் கருவாட்டைக் கருக்கினது. அதைச் சொல்லித்தான் சிரிச்சவர்."

"என்னை ஏன் வரச் சொன்னவர்?"

மதலேனா யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தது போலிருந்தது.

"ஒண்டுமில்லை பிள்ளை. சொல்லுறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை. நீ பக்கத்தில வந்து இருக்க வேணுமெண்டு ஆசைப்பட்டவர், அவ்வளவுதான். பிறகு அவரே சொன்னவர், வேலை செய்யிற பிள்ளையைக் கூப்பிடாதை எண்டு."

ஸ்ரெல்லா தன் விரல்நுனிகளைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் அவற்றைத் தேய்த்தாள். அம்மா அவளைத் தடுக்கவில்லை.

பின்னேரம் சேமக்காலைக்குக் கொண்டுபோனார்கள். கடலுக்குப் பக்கத்து மணல் நிலம். சுவாமியார் குழியைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். உள்ளே தண்ணீர் ஊறி நின்றது. குழி வெட்டியவர்கள் இரண்டு பேர் திரும்ப இறங்கி வாளியால் இறைத்தார்கள். இறைக்க இறைக்க நாலு பக்கத்து மணலிலிருந்தும் தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது. பெண்கள் குடைகளோடு ஒதுங்கி நின்றார்கள். பெட்டியைத் தாங்கியவர்கள் தோள் மாற்றினார்கள்.

"இது வத்தாது சுவாமி," என்று குழிக்குள் நின்றவர் சொன்னார். "மாரி முடியுமட்டும் இப்பிடித்தான்."

சுவாமியார் மதலேனாவைப் பார்த்தார். மதலேனா தலையசைத்தாள்.

கயிறு போட்டு இறக்கினார்கள். பெட்டி அடியில் தட்டும் சத்தம் கேட்கவில்லை. கயிறு மட்டும் தளர்ந்தது. பெட்டி தாழாமல் தண்ணீரில் நின்றது, ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்து. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மண்ணைப் போடுங்கோ," என்றார் ஒருவர் மெல்ல. "பாரத்துக்குத் தாழும்."

ஸ்ரெல்லா முழந்தாளிட்டு, ஈரமணலை இரண்டு கையாலும் அள்ளினாள்.