மத்தியான உப்பு

தையல்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது, வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டியது. மூன்று மாதமாகவே ஈறு இப்படித்தான். இரண்டு பல் வேறு ஆட்டம் கண்டிருந்தது. "பிரஷ் கொஞ்சம் கடுசா இருக்கு, அவ்வளவுதான்" என்று மழுப்பிக்கொண்டிருந்தவரை, அன்று மனைவி கையோடு பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா வாயைப் பார்த்து முடித்ததும் கழுத்தில் விரலை வைத்தார். "எச்சில் முழுங்குங்க. காலர் இறுக்குதா?"

"ரெண்டு தடவை பட்டனை நகத்தித் தச்சுட்டேன். உடம்பு போடுதுன்னு நினைச்சேன்."

"தைராய்டு வீங்கியிருக்கு. நாளைக்கே ரத்தம் குடுத்துப் பாருங்க. அயோடின் பத்தாம போனா இப்படி ஆகலாம். ஈறு நோய்க்கும் அதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு ஒரு பேச்சு இருக்கு, உறுதியா தெரியாது. வீட்ல என்ன உப்பு?"

மனைவிக்குச் சுருக்கென்றது. "நான் வேலை பாக்கற ஆலை உப்புதான் டாக்டர். அயோடின் கலந்தது. தினமும் நான்தான் டெஸ்ட் பண்ணிக் கையெழுத்துப் போடறேன்."

"அப்ப அதுவா இருக்காது. எதுக்கும் வீட்டு உப்பையும் ஒரு தடவை பாத்துடுங்க."

மறுநாள் ஒரு சின்ன டப்பாவில் வீட்டு உப்போடு வேலைக்குப் போனாள். ஆலைச் சோதனை அறையில் அதன்மேல் ஒரு சொட்டுத் திரவம் விட்டாள். அயோடின் இருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் ஊதாவாகிவிடும். ஆகவில்லை. திரவத்தின் புது பாட்டிலைத் திறந்து இன்னொரு சொட்டு விட்டாள். உப்பு வெள்ளையாகவே கிடந்தது. ஆனால் அன்று காலை நிரப்பிய முதல் மூட்டை, பழைய வழக்கப்படியே, பளிச்சென்று ஊதாவானது.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு பெல்ட்டில் ஓடிக்கொண்டிருந்த உப்பில் ஒரு பிடி அள்ளிச் சோதித்தாள். வெள்ளை. இரும்பு ஏணியில் ஏறி, அயோடின் தெளிக்கும் குழாயின் வாயைப் பார்த்தாள். உப்பு இறுகி அடைத்துக் கிடந்தது. காலையில் கழுவி மாட்டுகிறார்கள். பொழுது ஏற ஏற அடைத்துக்கொள்கிறது. சாயங்காலம் அவள் உட்படத் தொழிலாளிகள் வீட்டுக்குக் கொண்டுபோவது கடைசி மூட்டைகளின் உப்பைத்தான். அவள் சோதித்ததோ என்றைக்கும் முதல் மூட்டையை மட்டும்.

ஏணியிலிருந்து இறங்கினாள்.

கீழே லாரி பாதி நிறைந்து நின்றது. எதற்கெடுத்தாலும் விசிலடிப்பதால் ஆலையே 'விசில்' என்று கூப்பிடும் சூப்பர்வைசர், லாரியை அனுப்பும் சீட்டை நீட்டினார்.

"சீக்கிரம் கையெழுத்துப் போடும்மா."

"போட மாட்டேன் சார். இதுல அயோடின் இல்ல."

"காலையில ஊதாவா வந்துச்சுன்னு நீதானே எழுதின?"

"அது காலை உப்பு. மத்தியான உப்பு மொத்தமும் வெள்ளை. குழாய் அடைச்சிருக்கு."

விசில் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் குழாயை மாத்திடலாம். இப்ப கிளறினா முதல்ல யார் தலை உருளும்? ரெஜிஸ்டர்ல இருக்கறது உன் கையெழுத்து. என்னோடது இல்ல."

அதுவும் நிஜம்தான். எத்தனை நாள் கையெழுத்து, எத்தனை மூட்டை, எத்தனை வீடு? அவள் சீட்டை வாங்கவில்லை. சுவரோரம் போய்ச் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். பெல்ட் நின்றது. மூட்டை தைத்துக்கொண்டிருந்த நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேனேஜர் மேசையில் மூன்று கிண்ணங்களை வைத்தாள். ஒன்று ஊதா, இரண்டு வெள்ளை.

"எத்தனை நாளா இப்படி?"

"தெரியல சார். நான் காலையில மட்டும்தான் பாத்தேன். மத்தியானமும் பாத்திருக்கணும்."

மேனேஜர் போனை எடுத்தார். "கேட்டை மூடுங்க. லாரியில ஏத்தினதை எல்லாம் இறக்குங்க."

தையல்காரரின் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று வந்தது. வேறொரு டாக்டர் மருந்து தொடங்கினார். பல் டாக்டரம்மா நான்கு தவணையாக ஈறைச் சுத்தம் செய்தார். ஒரு பல் போயிற்று, இன்னொன்று இறுகியது.

"உப்புதான் காரணமா டாக்டர்?" மனைவி கேட்டாள்.

"கழுத்துக்கு இருக்கலாம். பல்லுக்கு நிச்சயமா சொல்ல முடியாது. காரையும் நிறைய படிஞ்சிருந்துச்சு. ஒரே உப்பைச் சாப்பிட்டாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது."

அந்த பதில் அவளுக்கு ஆறுதலாகவும் இல்லை, தண்டனையாகவும் இல்லை. ஆலையில் விசாரணை முடியும்வரை கையெழுத்துப் போடும் வேலையிலிருந்து அவளை விலக்கி வைத்தார்கள். கடைகளிலிருந்து மூட்டைகளைத் திரும்ப எடுக்கும் வண்டியில் தானாகவே கேட்டு ஏறிக்கொண்டாள்.

ஏழாவது கடையில் கடைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "நல்லாத்தானே இருக்கு உப்பு? எதுக்கு எடுக்கறீங்க?"

சொன்னாள்.

"கண்ணை மூடிக்கிட்டா டெஸ்ட் பண்றாங்க அங்க? யாரும்மா அந்த ஆளு?"

"நான்தாங்க" என்றாள். பிறகு மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைத் தூக்க யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். கடைக்காரர் இடுப்பிலிருந்து கையை எடுத்து, குனிந்து கை கொடுத்தார்.