நாலு பேர் லிஃப்ட்

போரிலிருந்து திரும்பிய லிஃப்ட் மெக்கானிக்கின் எடை நூற்று முப்பத்தொன்பது கிலோ. போகும்போது அறுபத்திரண்டு. ஆள் என்னவோ பழைய ஆள்தான். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று, தெருவே கூப்பிடும் அதே 'குச்சி'. டாக்டர் மூன்று மெஷின் மாற்றிப் பார்த்துவிட்டு, சீட்டில் அந்த எண்ணையே எழுதி, உப்பைக் குறைக்கச் சொன்னார்.

கட்டில் கால் முதல் நாளே ஒடிந்தது. நடந்தால் டைல்ஸ் விரிசல் விட்டது. கீழ்வீட்டம்மா படியேறி வந்து, "தினமும் பீரோவை இழுத்துக்கிட்டே இருக்கீங்களே, எங்கதான் வைக்கப் போறீங்க?" என்று கேட்டாள். கம்பெனிக்கு மட்டும் கொண்டாட்டம்: லிஃப்டைச் சோதிக்க இரும்புக் கட்டிகளைச் சுமக்கத் தேவையில்லை, குச்சி ஏறி நின்றால் போதும். அவனோ, தன் கட்டடத்து நாலு பேர் லிஃப்ட் மூன்று பேருக்கே அதிகபார மணியடிக்கிறது என்று சென்சாரை மூன்று முறை மாற்றினான். தன்னைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தான்.

நாலு வயது மகள் "தூக்குப்பா" என்று கை நீட்டினால் ஒதுங்கிப்போவான். யார் கேட்டாலும், "நான் யாரையும் சுடல, மேல பாத்துதான் சுட்டேன்" என்பான். அதில் பொய் அதிகமில்லை. பதினோரு மாதம் அவன் வானத்தையும் மரக்கிளைகளையும்தான் சுட்டான். பக்கத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவே.

அவன் திரும்பி வந்த எட்டாவது மாதம் மனைவி சூட்கேஸை எடுத்தாள். அவளும் மகளும் லிஃப்டில் ஏற, பின்னாலேயே அவனும் ஏறினான். கீழ்வீட்டம்மாவும் பேப்பர்காரரும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். மணி அடித்தது. கதவு மூடவில்லை.

"நான் இறங்கிக்கிறேன்" என்றான்.

"இறங்காதீங்க. எழுபத்தேழு கிலோ கூடியிருக்கு. அது மூட்டைக் கணக்கில்ல, ஆள் கணக்கு. யாருங்க அது?" என்று கேட்டு மனைவி மகளின் காதுகளைப் பொத்தினாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் சென்சாரைப் பார்த்தபடி சொன்னான்:

"காலி வீடு. சமையலறை. எதிரி சிப்பாய் ஒருத்தன் ஸ்டூல்ல உக்காந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கிட்டிருந்தான். மூணடி தூரம். நிமிந்து பாத்தான்."

பேப்பர்காரர் இறங்கிப் படிகளில் போய்விட்டார். மணி நிற்கவில்லை.

"துப்பாக்கியை எடுக்கப் போனானா?" என்றாள் மனைவி.

"ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதிக் குடுத்தேன். இல்ல. அது சுவத்துல சாஞ்சிருந்துச்சு. கை தானா சுட்டுடுச்சு." சென்சாரிலிருந்து கண்ணை எடுத்தான். "அப்புறம் ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. செத்தது நான் இல்லன்னு. அதைத்தான் யார்கிட்டயும் சொல்ல முடியல."

மனைவி இறங்கவில்லை. கீழ்வீட்டம்மா மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

மறுநாள் மூவரும் எடை பார்த்தார்கள். அவனுக்கு ஐம்பது கிலோ குறைந்திருந்தது. மனைவிக்கு முப்பதும் கீழ்வீட்டம்மாவுக்கு இருபதும் கூடியிருந்தன. "இதுக்கா நான் சர்க்கரை இல்லாம காபி குடிச்சேன்?" என்றாள் கீழ்வீட்டம்மா. பேப்பர்காரருக்கு ஒரு கிராம்கூட ஏறவில்லை.

சூட்கேஸ் பரணுக்குப் போனது. அவன் மகளைத் தூக்கினான், டைல்ஸ் விரிசல் விடவில்லை. லிஃப்டுக்குள் இருந்த 'நாலு பேர்' பலகைக்குக் கீழே அவனே சின்ன எழுத்தில் எழுதினான்: 'நாங்கள் மூவரும் ஏறினால், அதுவே நாலு.' யாரும் அதை அழிக்கவில்லை. அவனும் மனைவியும் கீழ்வீட்டம்மாவும் உள்ளே இருந்தால், அடுத்து வருபவர் படிகளில் ஏறிப்போவார்.