அடைகோழி கிளம்பாத ஞாயிறு

அக்கா வரைந்த கப்பலைப் பார்த்து முதலில் சிரித்தவர் அவள் புருஷன்தான். சிரிக்காமல் என்ன செய்வார்? விண்மீன்களுக்கு நடுவே பறக்க வேண்டிய கப்பல், சோற்றுப் பானை மாதிரி வயிறு பெருத்துக் கிடந்தது. அந்த வயிற்றுக்குள் மூன்று சின்ன விண்கலங்கள் அடங்கும். சண்டை என்றால் அவை வெளியே பறக்கும், முடிந்ததும் உள்ளே வந்து ஒண்டிக்கொள்ளும். அக்கா கப்பலுக்கு ‘அடைகோழி’ என்று பேர் வைத்தாள். உள்ளே இருப்பவை குஞ்சுகள்.

ஞாயிறு சாயங்காலம் வந்தால் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் விண்வெளி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் புருஷன் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாகிப் பேசுவார்கள், ஆபத்து வந்தால் பகடை உருட்டிப் பிழைப்பார்கள். அக்காதான் கேப்டன். மாடி வீட்டு பிளம்பரும் அவர் மனைவி நர்ஸும் ஆளுக்கொரு குஞ்சு ஓட்டினார்கள். மூன்றாவது குஞ்சு அக்காவின் தம்பிக்கு.

அக்காவுக்கு வேலை பள்ளிக்கூட பஸ்ஸில். பிள்ளைகளை ஏற்றி, தலையை எண்ணி, அவள் ‘ரைட்’ சொன்னால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். கப்பலுக்கு விதி எழுதும்போதும் அதே கைதானே எழுதுகிறது? ‘எல்லாக் குஞ்சும் உள்ளே வந்து கதவு மூடினால்தான் கப்பல் நகரும்’ என்று போட்டுவிட்டாள். பீரங்கிக்கும் கவசத்துக்கும் மண்டையை உடைத்துக்கொண்டவள், இதை ஒரு நொடி யோசிக்கவில்லை. வண்டி என்றால் வேறு எப்படி இருக்கும்!

வம்பு அங்கேதான் பிடித்தது. தம்பிக்குத் தூரத்து ஊரில் வேலை கிடைத்தது. அதை அக்காவிடம் தனியாகச் சொல்லாமல், அவன் குஞ்சு வேவு பார்க்க வெளியே போயிருந்த நேரத்தில், மேசையில் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தான். அக்காவுக்குச் சுருக்கென்றது.

“போறதுன்னா ஒரேயடியா போயிடு. இங்க உனக்காக யாரும் காத்துக்கிட்டு இல்ல!”

அவன் பகடையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனவன்தான். போன ஞாயிறு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. நாளைக்கு அவனுக்கு ரயில்.

இன்றைக்கும் அவன் நாற்காலி காலி. கதையிலோ கொள்ளைக்காரர்களின் கப்பல்கள் அடைகோழியை வளைத்துக்கொண்டிருந்தன.

“சொன்னா கோவிச்சுக்காதீங்கக்கா,” என்று பிளம்பர் மெல்ல ஆரம்பித்தார். “தம்பி குஞ்சு வெடிச்சுருச்சுன்னு வெச்சுக்கிட்டா, கதவைச் சாத்திட்டு நாம தப்பிச்சுடலாம்.”

“வாயைக் கழுவுங்க!”

“சரி, அந்த விதியையாவது அழிச்சுடேன். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்,” என்று புருஷன் ரப்பரை நீட்டினார்.

அக்கா வாங்கினாள். விதியின் மேல் வைத்தவள் கையை எடுத்துவிட்டாள். “அழிச்சா அவன் வெளிய நிக்கறப்பவே வண்டி கிளம்பிடுமே,” என்றாள். யாரும் காத்துக்கொண்டு இல்லை என்று பெரிய வாயாகப் பேசினாளே, அன்றிலிருந்து அவள் வேறென்ன வேலை செய்தாள்?

நர்ஸ் கேட்டாள்: “பஸ்ஸுக்குப் புள்ள வரலைன்னா என்னக்கா பண்ணுவீங்க?”

“ஹாரன் அடிப்போம்.”

“அப்பவும் வரலைன்னா?”

“இறங்கிப் போய்க் கதவைத் தட்டுவேன்.” சொல்லி முடிக்கும்போதே அக்கா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

“ஏய், கேப்டன் பாதியில கப்பலை விட்டுட்டுப் போனா எப்படி?” என்றார் புருஷன்.

“நான் வர்ற வரைக்கும் அந்தக் கொள்ளைக்காரனுங்களைப் பிடிச்சு வைங்க. அதுகூடவா முடியாது?”

தம்பியின் அறை அடுத்த தெருவில். பெட்டியின் மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“கப்பல் நிக்குதுடா.”

“விட்டுட்டுப் போக வேண்டியதுதானே. யாரும் காத்துக்கிட்டு இல்லன்னியே.”

“சொன்னேன். புத்தி கெட்டுப்போய்ச் சொன்னேன். நீ இல்லாம எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்டா. அதைச் சொல்லத் தெரியாம கத்திட்டேன்.”

தம்பி ஜிப்பை விட்டான். “உங்கிட்ட தனியா சொன்னா நீ அழுவே. நீ அழுதா நான் போக மாட்டேன். அதான் எல்லாரும் இருக்கறப்ப சொன்னேன்.”

“மடையா!” என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “நாளைக்குத் தாராளமா கிளம்பு. இப்ப வந்து ஏறு.”

இருவரும் மேசைக்குத் திரும்பினார்கள். பகடை அதே சட்டைப் பையில்தான் இருந்தது. குஞ்சு கப்பலுக்குள் நுழைய அவனுக்குக் குறைந்தது ஐந்து விழ வேண்டும். பதற்றத்தில் வேகமாக உருட்டிவிட்டான். பகடை மேசையைத் தாண்டி அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது. புருஷன் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இருட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஆறு!” என்றார்.

வேறு யாரும் குனிந்து பார்க்கவில்லை.

அக்கா எழுந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். பிளம்பர், நர்ஸ், தம்பி. தம்பியின் தலையில் கை கொஞ்சம் தங்கியது.

“அடுத்த ஞாயிறு நான் இருக்க மாட்டேனேக்கா. அப்ப கப்பல் எப்படிக் கிளம்பும்?”

“ஏறினவன் ஏறினவன்தான்,” என்றாள் அக்கா. “நீ எந்த ஊர்ல இருந்தாலும் உன்னையும் எண்ணிட்டுத்தான் நான் ரைட் சொல்லுவேன்.”

பிறகு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்:

“ரைட்!”