மேல்வீட்டுத் தண்ணீர்

பழைய கீசரைச் சுவரிலிருந்து கழற்றி இறக்கியபோது, அதன் வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக உப்புக்கட்டி கொட்டியது. இத்தனை வருஷம் போர் தண்ணீரைக் குடித்துக் குடித்து அதற்கும் குடல் அடைத்துப் போயிருந்தது. வெங்கடலட்சுமிக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷம்தான். ஷவரில் தண்ணீர் நூல் மாதிரி வருவதற்குக் காரணம் அகப்பட்டுவிட்டதே!

“இத்தன உப்ப வயித்துல வெச்சுக்கிட்டு இது வெந்நி குடுத்ததே பெருசுங்கக்கா,” என்றார் பிளம்பர் அப்புசாமி. “புதுச மாட்டுனாப் பிச்சுக்கிட்டு வரும் பாருங்க.”

அந்தத் தண்ணீருக்காகத்தான் அவள் காத்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் திருமலைசாமி காலமெல்லாம் மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தவர். போன மழைக்காலத்தில் வாதம் வந்து வலது கை சோர்ந்துவிட்டது. குளியலறைச் சுவர்க் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டால்தான் ஸ்டூலில் உட்காரவே முடியும். அப்புறம் சொம்பைப் பிடிக்க ஏது கை? தினமும் அவள்தான் மொண்டு ஊற்றினாள். ஊற்றுவது அவளுக்கு ஒரு பாரமே இல்லை. ஆனால் அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், எப்போது முடியுமோ என்று உட்கார்ந்திருப்பாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஷவரில் வெந்நீர் நன்றாக விழுந்தால் அவர் கதவைச் சாத்திக்கொண்டு தானாகவே குளித்துவிடுவார்.

அப்புசாமி புதுக் கீசரை மாட்டினார். சூடேறியதும் ஷவரைத் திறந்தார். தண்ணீர் நடுவிலிருந்து சொட்டி, குழாயோடு வழிந்து, சுவரை நனைத்தது. அவ்வளவுதான்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்ற திருமலைசாமி சிரிக்கப் பார்த்தார். “பம்பு கம்பெனிக்காரன் ஊட்டுக்குத் தண்ணி வர்ற அழகப் பாரு,” என்றார். பிறகு துண்டை மடிக்காமலே கட்டில்மேல் வைத்துவிட்டார்.

அப்புசாமி பக்கத்துக் குழாயைத் திறந்து பார்த்தார். “பச்சத்தண்ணியும் இதே கதைதானுங்க. அப்பக் கீசர் மேல தப்பில்லீங்க. மேல் மாடிக்கு டேங்க் உயரம் பத்தலீங்களோ, இல்ல கீழூட்டுக்காரங்க இழுத்துக்கறாங்களோ. ஒரு பிரஷர் பம்பு வெச்சுரலாங்க.”

கீழ் வீட்டில் வாடகைக்கு இருப்பவள் உம்மல் குல்சும். ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள்.

“அவ அப்படியெல்லாம் இழுக்கற ஆளில்லீங்க,” என்று வெங்கடலட்சுமி பட்டென்று சொல்லிவிட்டாள். சொன்னாளே தவிர, மனசு கேட்கவில்லை. அப்புசாமி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து மொட்டை மாடிக்கு ஏறினாள்.

பார்த்தால், தண்ணீர் டேங்கின் அடியில் உம்மல் குல்சும் குந்தியிருக்கிறாள்! கீழ் வீட்டுக்குப் போகும் குழாயின் வால்வை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

வெங்கடலட்சுமி கிட்டே போனாள். “என்ன பண்ணீட்டிருக்க அம்மணி?”

குல்சும் திடுக்கிட்டு எழுந்தாள். “ஒண்ணுமில்லீங்கக்கா. அண்ணன் இன்னிக்குப் புதுக் கீசர்ல குளிக்கறாருன்னு பேச்சுக் கேட்டுச்சு. அதான் எங்க வால்வ முழுசா அடச்சுப்போடலாம்னு வந்தனுங்க.”

“முழுசான்னா? ஏற்கனவே பாதி அடச்சிருக்கயா?”

“அண்ணனுக்கு முடியாமப் போனதுல இருந்தேங்க. மேல நல்லா வரட்டுமுன்னு.”

“அட கிறுக்கி! அப்ப நீங்க எப்படிப் பொழங்கறீங்க?”

“விடியறதுக்கு முந்தி எந்திரிச்சுக் குடத்துல புடிச்சு வெச்சுக்குவமுங்க. அத விடுங்க.” குல்சும் குனிந்து பக்கத்து வால்வைத் தொட்டுப் பார்த்தாள். “இது உங்க வால்வு தானுங்களே? இதென்னங்க, இதுவும் முக்காவாசி மூடியிருக்குது?”

அப்போதுதான் வெங்கடலட்சுமிக்கு நினைவு வந்தது. அவருக்கு வாதம் வருவதற்கு முந்தின கோடையில் குல்சுமின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் தண்ணீர் குறையக் கூடாதென்று இவளேதான் மேலே வந்து தன் வால்வை மூடினாள். அப்புறம் ஆஸ்பத்திரி, மருந்து என்று ஓடிய ஓட்டத்தில் அதை அடியோடு மறந்துபோனாள்.

“உம்பட பேத்திக்குத் தண்ணி பத்தாமப் போயிருமேன்னு நாந்தான் மூடுனேன் கண்ணு.”

குல்சும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நீங்க எங்களுக்கோசரம் மூடுனீங்க, நான் உங்களுக்கோசரம் மூடுனேன். தண்ணி நம்ம ரெண்டு பேருக்கும் மரியாத குடுத்து டேங்குலயே உக்காந்திருக்குதுங்க!”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?”

“சொன்னா வேண்டாமுன்னு சொல்லிப்போடுவீங்களே. நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்?”

மேல்வீட்டு வால்வு உப்பில் இறுகிக் கிடந்தது. நாலு கையும் சேர்ந்து, முந்தானையைச் சுற்றிப் பிடித்து, தம் கட்டித் திருகினார்கள். கிறீச்சென்று அசைந்தது. குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. குல்சுமின் வால்வையும் கையோடு திறந்துவிட்டார்கள்.

கீழே டீ குடித்துவிட்டு வந்த அப்புசாமி, இன்னொரு தடவை பார்ப்போமென்று ஷவரைத் திறந்து சட்டையெல்லாம் நனைந்து நின்றார். “அக்கா! நான் ஒண்ணுமே பண்ணலீங்க!” என்று அலறினார்.

திருமலைசாமி எழுந்து வந்து பார்த்தார். இடது கையால் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், கதவைச் சாத்திக்கொண்டார்.

வெங்கடலட்சுமி கதவுக்கு வெளியே வெறுங்கையோடு நின்றாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம். அதற்கு நடுவே அவர் தொண்டையைச் செருமி, ஏதோ பழைய பாட்டை இழுத்தார். அவர் பாடி அவள் கேட்டு எத்தனை நாளாயிற்று!

கூடவே இறங்கி வந்திருந்த குல்சும் அவள் காதருகில் கிசுகிசுத்தாள். “அண்ணன் முடிக்கட்டுங்க, அப்புறமா நான் கீழ குழாயத் தொறக்கறேன்.”

“மறுபடியும் ஆரம்பிச்சுட்டயா? போய் இப்பவே தொற,” என்று அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள் வெங்கடலட்சுமி. தள்ளிய கையை உடனே எடுக்க மனம் வராமல் அப்படியே வைத்திருந்தாள். “நீ நல்லா இருக்கோணும் தாயி.”

குல்சும் இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் கீழே குடம் நிறையும் சத்தம் எழும்பி வந்தது. உள்ளே தண்ணீர் துளி குறைந்ததுபோல் இருந்தது. பாட்டு நிற்கவில்லை.

“லட்சுமி, நான் இப்போதைக்கு வெளிய வர மாட்டேன்!” என்றார் திருமலைசாமி.

“ஆகட்டுமுங்க. மெதுவாவே வாங்க,” என்றாள் அவள்.